திட்டுக் கடிதங்களுக்கு முதலிடம்

ஊர்ச்சத்தம் வானொலி,
காமராஜர் சாலை, மதுரை.
20.11.2024

அன்பு மாப்ள யாசீனுக்கு,

சாய்பிரசாத் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் ஆரிபாவும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டாய். ஆனால் தபாலில் வந்ததைப் படிக்காமல் கிழிக்க உனக்குக் கை வராது. அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

வருகிற ஜனவரி பதினெட்டோடு நம் ரேடியோவுக்குப் பத்து வயது முடிகிறது. சினிமாப் பாட்டே போடாத ரேடியோ மதுரையில் ஆறு மாதம் தாங்காது என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ராப் பாட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருகிறார்கள். விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம். அதில் நிலையத்தின் வரலாற்றை நான் எழுதுவதாக ஏற்பாடு. உட்கார்ந்து பார்த்தேன், மூன்று பக்கத்துக்கு மேல் வண்டி நகரவில்லை. 2015 ஜனவரியில் காலை எட்டு மணிக்கு ஒலிபரப்பைத் தொடங்கினோம், முதலில் அருண்பாண்டியின் கொத்தனார் இசைக்குழு தப்பும் பேஸ் கிடாரும் வாசித்தது, முதல் வாரமே கடிதங்கள் குவிந்தன என்று எழுதியிருக்கிறேன். படித்தால் எனக்கே கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது. முதல் மூன்று வருஷம் உன் மண்டைக்குள்தான் இருக்கிறது. பத்துப் பக்கம் எழுதித் தா. வேறு எதுவும் கேட்கவில்லை.

2018 ஏப்ரலில் உன் கடிதத்தை நான் மைக் முன்னால் பிரித்து வாசித்தேன். அதிலிருந்து நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நமது விதி என்னவென்று உனக்குத் தெரியும். வந்த உறையை மைக் முன்னால்தான் பிரிக்க வேண்டும், பிரித்ததை முழுதாக வாசிக்க வேண்டும், திட்டுக் கடிதங்களுக்கு முதலிடம். எழுதியவர் யாராக இருந்தாலும் சரி. அந்த விதியைப் போட்டதில் உனக்கும் பாதி உண்டு. ஆறு வருஷம் ஆயிற்று, விட்டுவிடேன்.

அப்பா முள்ளுமுருங்கை வடை சாப்பிடும்போதெல்லாம் "யாசீன் எங்கடா, அவன் பங்கு ஆறுது" என்கிறார். நான் என்ன பதில் சொல்ல? கப்பலூர் என்ன கனடாவிலா இருக்கிறது?

உன்
சாய்

*

கப்பலூர்,
27.11.2024

மதிப்பிற்குரிய நிலைய மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் தற்போது என் மச்சான் சேக் இஸ்மாயிலின் பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் மேற்பார்வை பார்த்து வருகிறேன். வேலை அதிகம். வரலாறு எழுத நேரமில்லை. தங்கள் வானொலியைக் கேட்பதற்கும் நேரமில்லை.

இருப்பினும் நாலு பேர் படிக்கப்போகும் மலரில் பொய் வரக்கூடாது என்பதற்காகச் சில திருத்தங்கள். முதல் ஒலிபரப்பு எட்டு மணிக்கு அல்ல, எட்டு இருபதுக்கு. தாமதத்துக்குக் காரணம் தாங்கள் மைக்கின் சுவிட்சைப் போட மறந்தது. முதலில் காற்றில் போனது அருண்பாண்டியின் தப்பும் அல்ல. மைக் திறந்திருப்பது தெரியாமல் தங்கள் தந்தையார் மாடி ஏறி வந்து, "சுங்குடிச் சேலை காயுது, ஒயரை இந்தப் பக்கம் இழுக்காதீங்கடா, சாயம் ஒட்டுது" என்றாரே, அதுதான் இந்த நிலையத்தின் முதல் ஒலி. முதல் வாரம் கடிதம் குவிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் ஒரு கடிதமும் வரவில்லை. தபால்காரர் நம் மாடிக்கு வழி கேட்டதே ஏப்ரலில்தான்.

கடந்த வெள்ளி மாலை நாலு மணி நிகழ்ச்சியில் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. எர்த் ஒயர் கழன்றிருக்கும், பார்க்கவும். இதைப் பக்கத்து மிஷின்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

விதியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு மதுரையில் என் பெயர் என்ன என்று தங்களுக்குத் தெரியுமா? மேலமாசி வீதியில் ஒரு டீக்கடையில், முன்பின் தெரியாத ஆள், "அண்ணே, இன்னைக்குக் குளிக்கையில என்ன பாட்டு?" என்று கேட்டான். வீட்டில் அத்தா கூடச் சிரித்தார். வாளிக் கம்பெனியில் சேர்ந்த அன்று, பொருத்தமான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று மச்சானும் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஏ. முகமது யாசீன்

*

மதுரை,
3.12.2024

மாப்ள,

எர்த் ஒயர்தான். எலி கடித்திருந்தது. பக்கத்து மிஷின்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். கப்பலூரில் நம் அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கேட்கும். வாளிகளை அடுக்கிய அடுக்கின் உச்சியில் ரேடியோ செட்டை வைத்தால் ஒழிய எர்த் இரைச்சல் வரைக்கும் பிரித்துக் கேட்க முடியாது. உன் மிஷின்காரர் நல்ல உயரமான ஆளாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய திருத்தங்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் குரல்தான் முதல் ஒலி என்று தெரிந்ததும் மனுஷன் தரையில் நிற்கவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மலரில் தன் போட்டோ வர வேண்டுமாம்.

இங்கே செய்திக்குக் குறைவில்லை. பவதாரிணி என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுகிற சத்தத்தைப் பிடித்துவந்து அதற்குக் கீழே டிரம்ஸ் போட்டிருக்கிறாள். மல்லிகைக்குத் தனித் தாளம், சம்பங்கிக்குத் தனித் தாளம். நீ கேட்டால் எழுந்து ஆடுவாய். கேட்டிருப்பாய், அது வேறு விஷயம்.

பத்துப் பக்கம் கேட்டேன், நீ ஒரு பக்கம் தந்துவிட்டாய். மிச்சம் ஒன்பது. அந்த முதல் கடிதம் வந்த கதையை எழுது மாப்ள. அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நீ சொல்கிற மாதிரி வரவில்லை.

உன்
சாய்

*

கப்பலூர்,
11.12.2024

சாய்,

"மதிப்பிற்குரிய" என்று தொடங்கித்தான் எழுதினேன். ஆரிபா படித்துவிட்டு, "யாருக்கு இது, கலெக்டருக்கா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

முதல் கடிதத்தின் கதை இது. எழுதிக்கொள். இரண்டு மாதமாக ஒருவரும் எழுதவில்லை. எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையில் நீயும் நானும் உட்கார்ந்து, நமக்கு நாமே பேசிக்கொண்டிருந்தோம். நாம் போடுவதைக் கேட்க ஊரில் ஒரு காதாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏப்ரல் ஆறாம் தேதி ஒரு அஞ்சலட்டை வந்தது. மாட்டுத்தாவணியில் பூக் கட்டுகிற முத்துமீனா அக்கா எழுதியது. "தம்பிகளா, நீங்க போடுறது பாட்டா, பாத்திரம் வெளக்குற சத்தமா? ரெண்டு மாசமாக் கேக்குறேன், ஒண்ணும் வெளங்கல. நாளைக்கும் இப்படித்தான் போடுவீகன்னா முன்னாடியே சொல்லிருங்க, நான் பஞ்சு வச்சுக்கிறேன்." நீ அதைப் படித்துவிட்டு அழுதாய். வருத்தத்தில் அல்ல. திட்டுவதற்காக ஒரு பொம்பளை இரண்டு மாதம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாளே என்று அழுதாய். அன்றே மைக்கில் முழுதாக வாசித்தோம். இரண்டு பேரும் பருத்திப்பால் குடித்துக் கொண்டாடினோம். அந்த வாரமே பதினேழு பேர் திட்டி எழுதினார்கள். திட்டுக் கடிதங்களுக்கு முதலிடம் என்ற விதி அப்படித்தான் பிறந்தது.

மைக் முன்னால் பிரிக்கும் விதி அடுத்த வருஷம் வந்தது. கடிதமெல்லாம் நாமே எழுதிக்கொள்கிறோம் என்று சோழவந்தான் கண்ணுச்சாமி அண்ணன் தன் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து குற்றப்பத்திரிகை அனுப்பினார். உறையைக் கிழிக்கிற சத்தத்தையே ஒலிபரப்புவோம் என்றவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என் கடிதத்துக்கு வருகிறேன். அம்மை போட்டு இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். வாயால் சொல்ல வெட்கப்பட்டு உனக்கு இன்லேண்டில் எழுதினேன். குளிக்கும்போது மூன்று வருஷமாக நான் பாடுவது சினிமாப் பாட்டுத்தான் என்றும், நாம் போடுவதில் பாதியை என்னால் இரண்டாவது தடவை கேட்க முடியவில்லை என்றும், வாரத்தில் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டுப் போட்டால் குடி முழுகிவிடுமா என்றும் கேட்டிருந்தேன். உன் பெயரை எழுதாமல் நிலையத்தின் விலாசத்தை மட்டும் எழுதினேன். கை பழகிய விலாசம். தப்பு என்னுடையது, அதில் வாதமில்லை.

ஆனால் முதல் வரி என்ன? "மாப்ள, உடம்பெல்லாம் அரிக்கிறது, ஆனால் மனசு அதைவிட அரிக்கிறது." இதைக் கேட்டதும் மதுரையில் வேறு யார் இப்படி எழுதுவார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் கட்டிலில் படுத்து ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரிக்குப் பிறகு நீ ஒரு நொடி நிறுத்தினாய். கட்டாயம் மடித்து வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் பேசுகிற மாதிரி இன்னும் நன்றாக வாசித்தாய்.

ஏன் நிறுத்தவில்லை? விதி என்று சொல்லாதே. இதற்குப் பதில் எழுது. எழுதினால் மிச்சப் பக்கங்கள் வரும். இல்லையென்றால் இதோடு முடித்துக்கொள்வோம்.

யாசீன்

*

மதுரை,
22.12.2024

அன்பு யாசீனுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

தெரியும். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் எனக்கு இரண்டு நினைப்பு வந்தது. ஒன்று, மடித்து வைத்துவிடலாம், கேட்பவர்களிடம் ஒரு சாரி சொல்லிவிட்டு அருண்பாண்டியைப் போடலாம் என்பது. இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது. மாட்டுத்தாவணிக்குப் போனால் என்னிடம் "யாசீன் தம்பி வரலையா?" என்று கேட்பார்கள். கடிதம் வந்தால் பத்தில் ஏழு உனக்கு. என் குரலில் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம், உன் குரலில் பக்கத்து வீட்டில் இருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். டவர் என் வீட்டு மாடியில், லைசென்சுக்காக நாலு வருஷம் டில்லிக்கு அலைந்தவன் நான், ஊருக்கோ நீதான் ரேடியோ. அன்றைக்கு ஒரு நாள் ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் மாப்ள. விதியைப் பின்னால் தேடிப் பிடித்துப் போர்த்திக்கொண்டேன்.

சினிமாப் பாட்டை நான் மட்டும் பாடவில்லையா? பைக்கில் ஹெல்மெட்டுக்குள் பாடுகிறேன். அதையும் எழுதிவிட்டேன்.

இதோடு முடியவில்லை. அடுத்த பாதியைச் சொன்னால் நீ என் முகத்தில் முழிப்பாயா என்று தெரியவில்லை. சொல்லாமல் மலரில் வரலாறு என்று ஒன்றைப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

ஊர் உன்னைப் பார்த்துச் சிரித்தது இரண்டு நாள். மூன்றாம் நாளில் இருந்து கடிதம் வரத் தொடங்கியது. எல்லாம் எனக்குத் திட்டு. மைக் முன்னால் முதல் அட்டையை எடுத்தேன், கண்ணுச்சாமி அண்ணன் எழுதியது. கண்ணால் முதல் வரியைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். "இந்த வாரம் கடிதம் எதுவும் வரவில்லை" என்றேன். இந்த நிலையத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. அடுத்த வாரமும் சொன்னேன். முத்துமீனா அக்கா நேரிலேயே மாடி ஏறி வந்து, "எங்கடா என் கார்டு?" என்று கேட்டார். "வாசிப்போம்க்கா" என்றேன். வாசிக்கவில்லை. அப்புறம் அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். நிலையத்தைத் திட்டிய கடிதம் என்று நீ அனுப்பியதை வாசித்தவன், என்னைத் திட்டி வந்த நூற்று நாற்பத்து மூன்றை மறைத்தேன்.

எல்லாவற்றையும் சேலைப் பெட்டியில் போட்டுக் கட்டி இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். அப்பாவின் சுங்குடிச் சேலைப் பெட்டி என்பதால் சாயம் பட்டுச் சில அட்டைகளில் சிவப்பு ஏறியிருக்கும், எழுத்து போகவில்லை. அவை உனக்கு வர வேண்டியவை. ஆறு வருஷம் என் பீரோவுக்கு மேல் இருந்தன. தூங்கப் போகும்போது பார்ப்பேன். தூக்கிப் போடவும் முடியவில்லை, உன்னிடம் கொண்டுவரவும் முடியவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மலர் வராவிட்டாலும் பரவாயில்லை. நீ பதில் போடாவிட்டாலும், பெட்டி வந்து சேர்ந்தது என்று மட்டும் ஒரு வரி எழுது.

சாய்பிரசாத்

*

கப்பலூர்,
5.1.2025

மாப்ள சாய்க்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நீ கேட்ட ஒரு வரி முடிந்தது. மேலே எழுதுவது என் இஷ்டம்.

உன் கடிதத்தைப் படித்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு உன்னை அடிக்கத்தான் கிளம்பினேன். திருமங்கலம் ரோட்டில் பாதி தூரம் வந்தும் விட்டேன். பெட்ரோல் பங்கில் நின்றபோது, அட்டைகளைப் படித்துவிட்டு அடித்தால் இன்னும் கணக்காக அடிக்கலாமே என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். ஆரிபாவும் நானும் ஞாயிறு முழுக்க உட்கார்ந்தோம். அவள் வாசிக்க, நான் கேட்டேன். மகள் ஒவ்வொரு திட்டையும் தனி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பயன்படுமாம்.

கண்ணுச்சாமி அண்ணன் எழுதியிருக்கிறார்: "தம்பி சாயி, யாசீன் குளிக்கையில பாடுனா உனக்கென்ன? கொடிக்கால்ல தண்ணி பாச்சும்போது நானும் அதத்தான் பாடுறேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒரு மனுசனைக் குளிப்பாட்டி நிறுத்தலாமா? அந்தப் பய வாரவரைக்கும் என் செட்டு அணைஞ்சே கெடக்கும்." முத்துமீனா அக்கா ஒன்றல்ல, ஒன்பது அட்டை போட்டிருக்கிறார். ஒன்பதாவதில் உன்னைத் திட்டத் தெம்பில்லாமல், "யாசீன் தம்பிக்கு அம்மை எறங்கிருச்சா? அதையாச்சும் சொல்லு" என்று மட்டும் எழுதியிருந்தார். அங்கே ஆரிபாவால் மேலே வாசிக்க முடியவில்லை. கேட்க என்னாலும் முடியவில்லை.

நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றே ஒன்றுதான் என்னைத் திட்டுகிறது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், "கொள்கை இல்லாதவன்" என்று. நியாயமான ஆள்.

சாய், நீ வாசித்ததை என்னால் பொறுக்க முடியும். என் குரல்மேல் உனக்குப் பொறாமை என்றால் அது எனக்குப் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெட்டியை மறைத்தது பெரிய பாவம். இது 2018 மே மாதம் என் கையில் வந்திருந்தால் அடுத்த திங்களே மாடி ஏறியிருப்பேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்து ஆறு வருஷம் மதுரைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பூ வாங்க ஆரிபாவைத்தான் அனுப்புவேன். அங்கே ஒரு அக்கா என் அம்மை இறங்கிவிட்டதா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை உன்மேல் கோபப்படாமல் எழுத முடியவில்லை, படித்தால் சிரிப்பும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

நேற்று காலை மாட்டுத்தாவணிக்குப் போனேன். முத்துமீனா அக்கா என்னைப் பார்த்தார். கையில் இருந்த சரத்தைக் கீழே வைக்காமலேயே, "வா, எம்புட்டு நாளாச்சு" என்றார். "அந்தச் சாயிப் பயலை என்ன செய்யப் போற?" என்று கேட்டார். யோசித்து முடிவு செய்துவிட்டேன், கேட்டுக்கொள்.

வரலாற்றை நான் எழுதித் தரப்போவதில்லை. மலரில் அந்தப் பத்துப் பக்கத்துக்குப் பதிலாக அப்பாவின் போட்டோவைப் போடு, பெரிதாகவே போடு. பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் பெட்டியோடு வாரேன். நூற்று நாற்பத்து மூன்றையும் மைக்கில் நானே வாசிக்கிறேன். வாத்தியாருடையதை முதலில். நீ பக்கத்தில் உட்கார வேண்டும், உன் மைக் அணைந்திருக்க வேண்டும். கண்ணுச்சாமி அண்ணனும் முத்துமீனா அக்காவும் நேரில் வருகிறார்கள், சொல்லிவிட்டேன். எல்லாம் முடிய மதியம் ஆகும். முடிந்ததும் உன் மைக்கைத் திறக்கிறேன். நீ எனக்கு எழுதியதை, பொறாமை வரைக்கும், ஊருக்குச் சொல். உன் கடிதத்தை நான் வாசிக்க மாட்டேன். அது எனக்கு வந்தது.

சினிமாப் பாட்டு வேண்டாம். பவதாரிணியின் பூ மார்க்கெட்டுத் தாளத்தைக் கேட்ட பிறகு அந்தக் கோரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆமாம், வாளி அடுக்கின் மேல்தான் செட்டு இருக்கிறது. ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

மச்சானிடம் சொல்லிவிட்டேன். இனி சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வேலை காமராஜர் சாலையில். "போ, வாளிக்குக் காது கேக்காது" என்று அனுப்பிவிட்டார். அதனால் உனக்கு இதுதான் என் கடைசிக் கடிதம். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவனுக்கு யாராவது தபால் போடுவார்களா?

உன் மாப்ள
யாசீன்